அண்ணனுக்கு இப்போது தேவலை

என் கணவர் லூர்துவுக்குத் தொப்பை விழுகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். வெல்டிங் வேலை பார்க்கிறவர், ஒல்லியான உடம்பு. பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட ஆரம்பித்ததும், என் சமையலுக்கு இப்போதுதான் மரியாதை கிடைத்திருக்கிறது என்று ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார். கையும் காலும் குச்சியாக இருந்தன. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வயிறு மட்டும், அதுவும் இடது பக்கம் மட்டும் புடைத்திருந்தது. தொப்பை ஒரு பக்கமாகவா விழும்? கையை வைத்து அழுத்தினேன். உள்ளே பலகை போல ஏதோ தட்டுப்பட்டது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். என்ன சமைக்கப் போனேன் என்று நினைவுக்கு வரவில்லை.

காய்ச்சல் அதற்கு முன்பே இருந்தது. சாயங்காலம் ஏறும், விடிந்தால் இறங்கும். அவர் அதோடு ஷிப்டுக்குப் போய்வந்தார். சாப்பாடும் ஒழுங்காக இறங்கியது. நடமாட்டமும் குறையவில்லை. அதனால் அதை நாங்கள் நோய் என்றே எடுத்துக்கொள்ளவில்லை.

ஏதோ ஒரு வார்டு வாசலில் உட்கார்ந்து, டாக்டர் கேட்ட கேள்விக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

எண்பதுகளின் கடைசியில் வங்கதேசத்தில் பெரிய வெள்ளம் வந்தது. கல்கத்தாவில் நிவாரணப் பணி செய்துகொண்டிருந்த ஒரு கிறிஸ்தவச் சாமியார், எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாருக்குப் பழக்கம். சோறும் துணியும் போய்ச் சேர்ந்துவிட்டன, உடைந்த அடிபம்புகளைச் சரிசெய்யவும் தகரக் கொட்டகை போடவும் வெல்டர்கள்தான் கிடைக்கவில்லை என்று அவர் எழுதியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் இதைச் சொன்னார்கள். வீட்டுக்கு வருவதற்குள் லூர்து முடிவு செய்துவிட்டார்.

அவர் வேலை பார்த்தது பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில். அங்கே வேலை செய்கிறவர்கள் அனுமதி இல்லாமல் நாட்டைத் தாண்டக் கூடாது. விசாரித்ததில், அனுமதி வர ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். அதற்குள் அந்த ஜனங்கள் குளிரில் விறைத்துப் போவார்கள் என்று இவர் கத்தினார். வேலை கிடைப்பதற்கு முன் துபாய்க்குப் போகலாம் என்று எடுத்த பாஸ்போர்ட் ஒன்று டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்தார். ஆயுத பூஜை விடுமுறையோடு ஒரு மாத விடுப்பைச் சேர்த்து எழுதினார். விடுப்பில் தங்கும் முகவரி என்ற இடத்தில் வேளாங்கண்ணியில் இருக்கும் என் சித்தி வீட்டு விலாசத்தைப் போட்டார்.

கூடப் போனவர் தனபால். அடுத்த பிளாக்கில் குடியிருந்தவர், இவரோடு ஒரே ஷாப்பில், அதாவது தொழிற்சாலையின் ஒரே பிரிவில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். அவரிடமும் அப்படி ஒரு பழைய பாஸ்போர்ட் இருந்தது. லூர்துவைத் தனியாக விட மனமில்லாமல்தான் அவர் கிளம்பினார் என்பது என் கணக்கு. வேறொரு ஊர்த் தொழிற்சாலைக்கு வேலையாக அனுப்புகிறார்கள் என்று மனைவி மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னையும் பங்குச் சாமியாரையும் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்து இருவரும் கறுத்து, இளைத்து, சந்தோஷமாகத் திரும்பினார்கள். அங்கே நடந்ததைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பதால், வீட்டுக்குள்ளும் அவர் அதிகம் பேசவில்லை.

காய்ச்சல் தொடங்கியது அதற்கு மூன்று மாதம் கழித்து. வயிறு புடைத்தது அதற்கும் பிறகு. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குப் போய்வந்து அடுத்த வாரம் பேதி வந்தால் அந்த ஊர்த் தண்ணீர் என்போம். மூன்று மாதம் கழித்து வருகிற காய்ச்சலுக்கு யார் ஊர் தேடுவார்கள்?

தொழிற்சாலை மருத்துவமனையில் முதலில் மலேரியா என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு டைபாய்டு. எதற்கும் கேட்காததால், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறியது. மண்ணீரல் (விலாவுக்குக் கீழே இடது பக்கம் இருக்கும் உறுப்பு, பழைய ரத்த அணுக்களை வடிகட்டுவது) தொப்புளைத் தாண்டி வளர்ந்திருக்கிறது என்றார். ரத்தத்தில் எல்லா வகை அணுக்களும் குறைந்திருந்தன.

அப்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"போன ஒரு வருஷத்துல வெளியூர் எங்கயாவது போனாரா? பீகார், வங்காளம் அந்தப் பக்கம்?"

இவ்வளவு நேராகக் கேட்டார். படுத்திருந்த லூர்து என் கண்ணைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வேலை இருந்தது, வீடு இருந்தது, மகளின் பள்ளிக்கூடம் இருந்தது.

"வேளாங்கண்ணிதான் டாக்டர்" என்றேன்.

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மாதாவின் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னதற்குத்தான் அன்று பயந்தேன். பயப்பட வேண்டிய விஷயம் வேறாக இருந்தது.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை (இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி, உள்ளே ரத்தம் உற்பத்தியாகும் கூழை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முடிவில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று முதல் தடவை அந்தச் சொல்லைச் சொன்னார்கள். மண்ணீரலை அறுவைசெய்து எடுத்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும், இந்த ரத்தத்தோடு அறுவையே ஆபத்துதான், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். அப்போது மருத்துவமனைக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கே மறந்து, ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் தனபால் வந்தார். அறுவைக்கு ரத்தம் கொடுக்க ஷாப்பில் நாலு பேரைப் பிடித்திருப்பதாகச் சொல்லத்தான் வந்தார். அக்னி நட்சத்திர வெயில். வார்டில் விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. நோயாளிகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடந்தார்கள். தனபால் முழுக்கைச் சட்டை போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். நைட் ஷிப்டிலிருந்து அப்படியே வந்துவிட்டதாகச் சொன்னார். மே மாதத்து ஆவடியில் எந்த ஷிப்டுக்கு ஸ்வெட்டர் வேண்டும்? ஸ்டூலில் உட்காரும்போது இடது விலாவைக் கையால் தாங்கிக்கொண்டார்.

 ரத்தப் புற்றுநோய் ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். இவர்கள் இரண்டு பேரும் சாப்பிட்டது வேறு வேறு வீட்டில், தண்ணீர் பிடித்தது வேறு வேறு குழாயில். சேர்ந்து செய்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் வேளாங்கண்ணி என்று சொல்லியிருந்தேன்.

அவரை வராந்தாவுக்கு அழைத்துவந்து, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார்.

"ஒரு மாசமா கீது அண்ணி" என்றார் பிறகு. "மல்லிகாகிட்ட கூட சொல்லல."

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் அழுதுவிட்டார். வராந்தாவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயத் தொறந்துடாதீங்க அண்ணி. வேல பூடும். ரெண்டு பொண்ணு கீது எனக்கு."

நான் செய்த தவறை இங்கே எழுதியாக வேண்டும். டாக்டர் அப்போது இருபது அடி தள்ளி, நர்சுகள் அறையில் உட்கார்ந்திருந்தார். தனபாலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். நான் மரியாதை பார்த்தேன். அழுகிற ஆம்பிளையை வற்புறுத்தக் கூடாது, அவராக மல்லிகாவிடம் சொல்லட்டும் என்று நினைத்தேன். நாளைக் காலையில் மல்லிகாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே சொல்லுவோம் என்றேன். வருகிறேன் என்று தலையாட்டினார். ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிவரை காத்திருந்தேன். அவர் வரவில்லை. டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதினெட்டு நாள் முன்னாடி உங்களைக் கேட்டேன்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதிதாக ஊசி குத்தவில்லை. முன்பு மஜ்ஜையைத் தடவி வைத்த அதே கண்ணாடித் தகடுகளை வெளியே எடுத்து, நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தார்கள். இந்த முறை எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். காலா அசார் (மணல் ஈ என்ற பொடி ஈ கடிப்பதால் பரவும் ஒட்டுண்ணி நோய். மண்சுவர், மாட்டுத் தொழுவம் உள்ள இடங்களில் அந்த ஈ அதிகம். மருந்து கொடுக்காவிட்டால் ஆளைக் கொன்றுவிடும்.) இரண்டு பேரும் அந்த ஒரு மாதமும் ஒரு மாட்டுக்கொட்டகையின் பக்கத்து அறையில்தான் படுத்திருந்தார்கள் என்று லூர்து டாக்டரிடம் சொன்னார். கிருமிகள் அந்தத் தகட்டில் முதலிலிருந்தே இருந்தன, எண்ணிக்கை குறைவு, நாங்கள் தேடியது வேறு என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை அறுவையை ரத்துசெய்தார்கள்.

இன்னொருவரை உடனே கொண்டுவாருங்கள் என்றார். மின்ரயில் பிடித்து ஆவடிக்கு ஓடினேன். தனபால் வீடு பூட்டியிருந்தது. திருவிழாவுக்கென்று குடும்பத்தோடு வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த மாதத்தில் என்ன திருவிழா என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அவர்கள் கொடுத்த ஊர் விலாசத்துக்கு எழுத, மறுநாள் காலை ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கினேன். என்ன எழுதுவது? கிராமத்தில் கடிதத்தைத் தபால்காரரே படித்துக் காட்டக்கூடும். மல்லிகா படிப்பாள். அவளுக்கு வெள்ளமும் தெரியாது, வங்கதேசமும் தெரியாது. யார் காதுக்காவது போய், அது தொழிற்சாலைக்குப் போய்விட்டால்? காய்ச்சல் என்ற சொல்லைக்கூட நான் எழுதவில்லை. "உங்கள் அண்ணனுக்கு இப்போது தேவலை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகவும்" என்று எழுதினேன். தேவலை என்றால் மருந்து கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஓடிவருவார் என்று நம்பினேன்.

உண்மையில் அன்று லூர்துவுக்குத் தேவலை இல்லை. மருந்தே வந்து சேரவில்லை. சென்னையில் அது கிடைக்காமல், அதே கல்கத்தா சாமியார் வாங்கி ரயிலில் ஆள் மூலம் அனுப்பினார். ஐந்து நாள் ஆனது. பிறகு தினம் ஒரு ஊசியாக முப்பது நாள். அந்த மருந்து நெஞ்சைப் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி இதய மின்பதிவு எடுத்தார்கள். மூட்டெல்லாம் வலித்து, அவர் படுக்கையில் திரும்பவே பத்து நிமிடம் ஆகும். வாந்தி எடுப்பார். நான் ஏந்திக்கொள்வேன். இதற்கிடையில் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரிடம் சொல்லி வேலைக்கு வேட்டு வைத்துவிட்டேன் என்ற கோபம். உயிரைக் காப்பாற்றியவளிடம் கோபம் காட்டுகிற ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று நானும் வீம்பாக இருந்தேன்.

பத்தாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை. சாயங்காலம் வந்தது, உடம்பு சில்லென்று இருந்தது. நான் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அவருக்கு எரிச்சல் வந்தது.

வந்தவாசிக்கு நான் நேரில் போயிருக்கலாம். ஒரு பகல் பயணம்தான். இவரை விட்டு நகர முடியவில்லை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். டாக்டர் இரண்டு முறை கேட்டார். கடிதம் போட்டிருக்கிறேன் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

இருபத்திரண்டாவது ஊசியன்று ஷாப்பிலிருந்து ஒருவர் வந்தார். தனபால் ஊரில் இறந்துவிட்டார், மஞ்சள் காமாலையாம், அடக்கம்கூட முடிந்துவிட்டது என்றார். லூர்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்தவர் போன பிறகு, பல நாளைக்கப்புறம் என்னிடம் பேசினார்.

"நான்தானே அவன கூப்ட்டுகினு போனேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை.  கடிதம் போட்ட தேதியிலிருந்து நாளை விரல்விட்டு எண்ணினேன்.

குணமாகி வேலையில் சேரும்போது, மருத்துவமனைச் சான்றைக் கொடுக்க வேண்டும். அதில் நோயும், அது எந்த நாட்டில் பிடித்தது என்பதும் எழுதியிருந்தது. விசாரணை வைத்தார்கள். கூட யார் வந்தது என்று கேட்டதற்கு, தனியாகத்தான் போனேன் என்றார் லூர்து. தனபாலின் சாவுக்காக மல்லிகாவுக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. அதில் மண் விழக் கூடாது என்று நினைத்தார். அந்தப் பொய்யைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

தண்டனையை ஒரு மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு தாள். இனி இப்படி நடக்கக் கூடாது என்ற எச்சரிக்கை. வேலை போகவில்லை. வீடு போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தோம். பின்பக்கத்தில் ஏதாவது இருக்குமோ என்று பார்த்தோம், ஒன்றும் இல்லை. இந்தத் தாளுக்குப் பயந்தா ஒரு மனிதர் செத்தார் என்று லூர்து கேட்டார். இந்தத் தாளுக்குப் பயந்துதான் நான் பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மல்லிகா வேலையில் சேர்ந்து, குழந்தைகளோடு குடியிருப்புக்குத் திரும்பி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். லூர்துவைப் பார்த்து, அண்ணன் நன்றாக இருப்பதே போதும் என்றாள். நான் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன்.

"உங்க லெட்டர் வந்துச்சிக்கா. அத படிச்சப்பறம்தான் அவரு மூஞ்சில சிரிப்பே வந்துச்சு. பெரிய டாக்டராண்ட போலாம்னு நான் கெஞ்சிகினு இருந்தேன். லூர்து அண்ணனுக்கே தேவலையாம், அப்போ எனக்கும் தானா சரியா பூடும்னாரு. கடைசி வரைக்கும் தெம்பா இருந்தாரு."

அவள் எனக்கு ஆறுதலாகத்தான் அதைச் சொன்னாள்.

தரையில் உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், பாஸ்போர்ட், வேளாங்கண்ணி, ஸ்வெட்டர், இருபது அடி தள்ளி இருந்த டாக்டர், கடிதத்தில் எழுதாமல் விட்டது. என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்ற நிலையில்தான் இருந்தேன். அவள் காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அங்க அவரு இன்னா வேல செஞ்சாரு?"

எனக்குத் தெரியவில்லை. அது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. இத்தனைக்கும் பிறகு, அங்கே என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே இருந்த லூர்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். தனபால் ஒரு நாளைக்கு நாலைந்து அடிபம்புகளைப் பிரித்துச் சரிசெய்வார் என்றார். வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரைக் குடிக்க ஜனங்கள் பயந்தார்கள். மருந்து போட்டு, சேறு போக அடித்து இறைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கத் தனபால்தான் முதலில் குடிப்பாராம். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுமாம். பாஷை தெரியாமலே அவர்களோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாராம். மல்லிகா ஒன்றொன்றாகக் கேட்டாள். என்ன சாப்பிட்டார், துணியை யார் துவைத்தது, எங்களைப் பற்றிப் பேசினாரா. வெயில் தாழும்வரை லூர்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள்.

என்னை மன்னித்தாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. மருத்துவமனையில் எத்தனையாவது நாள் என்று கேட்டால் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து எண்ணிச் சொல்வோம். எனக்கு இப்போதும் இரண்டு எண்ணிக்கை உண்டு. வேளாங்கண்ணி என்று சொன்ன நாளிலிருந்து வாய் திறந்த நாள்வரை ஒன்று. இன்லண்டு லெட்டரை ஒட்டிய நாளிலிருந்து இன்னும் முடியாமல் ஓடுவது இன்னொன்று.

லூர்துவின் மண்ணீரல் சுருங்கி விலாவுக்குள் போய்விட்டது. ஆனால் இந்தக் கிருமி சில பேருக்குப் பல வருடம் கழித்துத் தோலில் வெளிறிய திட்டுகளாகத் திரும்பிவரும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். அதனால் மாதம் ஒருமுறை அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்பார். கழுத்திலிருந்து இடுப்புவரை விரல் விரலாகப் பார்ப்பேன். சில ஞாயிறுகளில் அந்த நேரத்துக்கு மல்லிகா வந்துவிடுவாள். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்றே கேட்பாள். முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை நான் பதில் சொல்வதில்லை. முடிந்ததும், இன்றைக்கு ஒன்றும் இல்லை என்பேன். தேவலை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.